அறம் எல்லோருக்கும் பொதுவா? காட்பாடி மாலை வகுப்பு: ஒரு மதிப்புரை

காட்பாடி காந்தி நகரில் ஒரு வாடகை அரங்கின் முதல் மாடியில், சனிக்கிழமை மாலைகளில் ஐந்து அமர்வுகளாக நடத்தப்படும் அறவியல் வகுப்பில் சேரலாமா என்று வேலூர், இராணிப்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கட்டணம் 1,200 ரூபாய். அச்சிட்ட குறிப்பேடும் இடைவேளைத் தேநீரும் அதில் அடக்கம். கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் தம் சொந்த முயற்சியாக நடத்துகிறார் என்பதால், குறைகளையும் சொல்லவிருக்கும் இவ்விடத்தில் அவர் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். 'எல்லோருக்கும் பொதுவான அறம் ஒன்று உண்டு என்று நம்புவது தீங்கைத் தடுக்கிறதா, தீங்கை விளைவிக்கிறதா?' என்பதே ஐந்து அமர்வுகளுக்கும் பொதுவான கேள்வி. துண்டறிக்கையில் இதைப் படிப்பவருக்குப் பண்டிகைக் காலப் பட்டிமன்றம் நினைவுக்கு வந்தால் அது அவர் குற்றமன்று. ஆனால் இங்கே நடுவரும் இல்லை, அணியும் இல்லை, கைத்தட்டலுக்காகச் சொல்லப்படும் நகைச்சுவையும் இல்லை.

அவசரப்படுபவர்களுக்கு என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம், நான்காம் அமர்வுகளுக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். முதல் அமர்வு தேவையானது, ஆனால் குறிப்பேட்டில் ஒரு பெரும்பிழை இருக்கிறது. இரண்டாம் அமர்வு கவனக்குறைவாகத் தயாரிக்கப்பட்டது. ஐந்தாம் அமர்வு, மிகச் சிறந்ததாக அமைந்திருக்கவேண்டியது, நேரமின்மையால் வீணாயிற்று.

முதல் அமர்வில் ஆசிரியர் செய்த நல்ல காரியம், புறவய அறம் என்று தத்துவத்துறையில் அழைக்கப்படும் கருத்தை அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு இரண்டு கருத்துகளிலிருந்து பிரித்துக் காட்டியதாகும். ஒரு செயல் தவறென்றால், ஊரே ஒன்றுகூடி அதைச் சரியென்று கைதூக்கினாலும் அது தவறாகவே இருக்கும் என்பதே புறவய அறத்தை ஏற்பவரின் நிலைப்பாடு. இதனாலேயே அவர் விதிவிலக்கே இல்லாத விதிகளை ஏற்பவர் என்று ஆகிவிடாது. கொலைகாரன் வாசலில் நின்று நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797-இல் இமானுவேல் கான்ட் எழுதியது அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தீமை தராத சொல்லே வாய்மை என்ற வள்ளுவரின் இலக்கணத்தைப் பின் வரிசையிலிருந்து ஒருவர் உடனே நினைவூட்டினார். வள்ளுவரும் அறத்தை ஊருக்கு ஊர் மாறுவதாகக் கருதியவர் அல்லர் என்பதால், அது ஆசிரியர் சொன்னதற்குச் சரியான சான்றாகவே அமைந்தது. அதுபோலவே, அறம் பொதுவானது என்பவர் அது கடவுளின் கட்டளை என்று சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் கடவுள் அதை விரும்புகிறாரா என்று சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதிவைத்த கேள்வி இன்னும் எவராலும் எளிதில் கடக்கமுடியாததாகவே நிற்கிறது.

பிழை எங்கே என்றால், 'இக்காலத் தத்துவ அறிஞர்களில் பெரும்பாலோர் அறத்தை மனிதரின் கற்பிதம் என்றே கருதுகின்றனர்' என்று குறிப்பேட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதற்குச் சான்றாக ஜே. எல். மேக்கி 1977-இல் முன்வைத்த வாதம், அதாவது நம் அறக்கூற்றுகள் அனைத்துமே உலகில் இல்லாத ஒன்றைச் சுட்டுவதால் பொய்யானவை என்னும் வாதம், தரப்பட்டிருக்கிறது. மேக்கி முக்கியமானவர்தான், ஆனால் பெரும்பான்மை அவர் பக்கம் இல்லை. தொழில்முறைத் தத்துவ அறிஞர்களிடம் 2020-இல் எடுக்கப்பட்ட பெரிய கருத்தாய்வில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அறம் புறவயமானது என்ற நிலைப்பாட்டை ஏற்றனர் அல்லது அதன் பக்கம் சாய்ந்தனர். மறுத்தவர்கள் சுமார் 26 விழுக்காட்டினரே. 2009-இல் எடுக்கப்பட்ட இதே போன்ற ஆய்விலும் ஏற்றவர்கள் 56 விழுக்காடு இருந்தனர். எண்ணிக்கையால் உண்மை தீர்மானமாவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆயினும், எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டத் துணிந்த குறிப்பேடு அதைச் சரியாகக் காட்டியிருக்கவேண்டும். அடுத்த பிரிவுக்கு முன் திருத்தப்படும் என்று ஆசிரியர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் அமர்வு உளவியல் சோதனைகளைப் பற்றியது. இதற்காகவே பலர் வந்திருந்தார்கள். அறம் பொதுவானது என்ற நம்பிக்கை மனிதனை நல்லவனாக்குகிறதா என்று உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் யாருக்குத்தான் ஆவல் வராது? லியான் யங், டர்வின் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் நன்கொடை கேட்பவர் முதலில் ஒரு கேள்வியைக் கேட்கிறார். சிலரிடம் அவர் கேட்பது, எந்த ஊரில் பிறந்தாலும் சில செயல்கள் சரி, சில தவறு என்பதை ஏற்கிறீர்களா என்பது. வேறு சிலரிடம் அவர் கேட்பது, நம் மதிப்பீடுகள் எல்லாம் வளர்ப்பாலும் பண்பாட்டாலும் வந்தவை, ஆகவே இறுதியான விடை எதுவும் இல்லை என்பதை ஏற்கிறீர்களா என்பது. முதல் கேள்வி கேட்கப்பட்டவர்களில் நன்கொடை தந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தனர். அதே ஆண்டில் ராய், ஹோலியோக் ஆகியோர் செய்த மற்றோர் ஆய்வில், அறம் இடத்துக்கிடம் மாறுவது என்று வாதிடும் பத்தியைப் படித்தவர்கள், ஏமாற்ற வாய்ப்பிருந்த ஒரு சிறு பணியில் மற்றவர்களைவிட அதிகமாக ஏமாற்றினர்.

இவற்றை ஆசிரியர் தீர்ப்பைப் போல வாசித்தார். 'ஆகவே நம்பிக்கை தீங்கைத் தடுக்கிறது' என்று பலகையிலும் எழுதிவிட்டார். இங்கேதான் எனக்கு மறுப்பு உண்டு. தெருமுனையில் சில்லறைக் காசு கொடுப்பதையும் சிறு பரிசுக்காகப் பொய் சொல்வதையும் அளக்கும் சோதனை, மனிதர் மனிதருக்குச் செய்யும் பெருந்தீங்குகளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? அமெரிக்கர்களிடம் சில நிமிடங்களுக்குத் தூண்டப்பட்ட ஓர் எண்ணமும், ஆயுள் முழுவதும் ஊறிய நம்பிக்கையும் ஒன்றாகுமா? மேலும், இதற்கு எதிர்த்திசையில் செல்லும் சான்றும் அதே துறையில் உண்டு. லிண்டா ஸ்கிட்காவும் அவர் குழுவினரும் 2005-இல் காட்டியது என்னவென்றால், ஒரு கருத்தை அறம் சார்ந்த உறுதியோடு பற்றிக்கொண்டிருப்பவர்கள், அதற்கு மாறான கருத்துடையவரிடமிருந்து விலகி இருக்கவே விரும்புகிறார்கள், நாற்காலியைக்கூடத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது. குட்வின், டார்லி என்போர் 2008-இல் கண்டதும் குறிப்பிடத்தக்கது: திருட்டைப் பற்றிக் கேட்டால் அறம் பொதுவானது என்று பேசும் அதே மனிதர், கருக்கலைப்பைப் பற்றிக் கேட்டால் அது அவரவர் கருத்து என்கிறார். மக்கள் ஒரே நம்பிக்கையை முழுமையாகச் சுமந்து திரிவதில்லை. இவை இரண்டும் குறிப்பேட்டில் இல்லை. ஒரு பக்கச் சான்றை மட்டும் கொடுத்துவிட்டு விவாதிக்கச் சொல்வது, வகுப்பு நடத்தும் முறை அல்ல.

இடைவேளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேநீரோடு ஆற்காடு மக்கன் பேடா ஆளுக்கொன்று தந்தார்கள். பொதுவான அறம் உண்டு என்று அதுவரை கடுமையாக வாதிட்ட ஒருவர் இரண்டாவதை எடுத்ததை நான் பார்த்தேன். ஆய்வாளர்களுக்கு இந்தத் தரவு பயன்படக்கூடும்.

மூன்றாம் அமர்வு வேலூர்க் கோட்டைக்குள், புல்வெளியில் நடந்தது. கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன என்ற வழக்கமான வசனத்தை ஆசிரியர் சொல்லாமல் விட்டதற்காகவே அவருக்கு நன்றி சொல்லலாம். நேராக 1806 ஜூலை 10-க்கு, வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நாளுக்குப் போனார். 1805 நவம்பரில் சென்னை மாகாணப் படைத்தளபதி ஜான் கிரடாக்கின் காலத்தில் வந்த உத்தரவின்படி, சிப்பாய்கள் பணியில் இருக்கும்போது நெற்றிக்குறி அணியக்கூடாது, தாடியை மழிக்கவேண்டும், புதிய வகைத் தலைப்பாகையை அணியவேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன பட்டையும் இருந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த கதைதான் இது. படிக்காத பகுதியை எடுத்துக்கொண்டதில்தான் அமர்வின் சிறப்பு இருந்தது.

கிரடாக்கின் உத்தரவு எந்த அறத்தின் பெயராலும் போடப்பட்டதன்று, படையின் தோற்றம் ஒரே சீராக இருக்கவேண்டும் என்ற நிர்வாக ஆசையே அதற்குப் பின்னால் இருந்தது. ஆக, முதல் தீங்குக்குக் காரணம் அற நம்பிக்கை அன்று, அடுத்தவரின் நம்பிக்கை எதுவாயிருந்தாலென்ன என்ற அலட்சியமே. எழுந்தவர்களோ தங்கள் தருமமும் தீனும் (இஸ்லாமிய மார்க்கமும்) அழிக்கப்படுகின்றன என்று உறுதியாக நம்பினார்கள். விடியலுக்கு முன், உறங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் 69-ஆம் படைப்பிரிவின் வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கோட்டையின் தளபதி ஃபான்கோர்ட்டும் மாண்டார். உறங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த உத்தரவைப் போட்டதில் எந்தப் பங்கும் இல்லை. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லஸ்பி, அன்றே கோட்டையை மீட்டார். கோட்டையிலிருந்த அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். பின்னர் முறையான விசாரணை நடந்து, பீரங்கி வாயில் கட்டியும், சுட்டும், தூக்கிலிட்டும், நாடுகடத்தியும் தண்டிக்கப்பட்டவர்கள் இரண்டு டஜன் பேர் அளவே. விசாரித்துத் தண்டித்ததைப் போல நான்கு மடங்கு பேரை விசாரிக்காமல் கொன்றார்கள் என்று அந்தப் புல்வெளியில் நின்று கணக்குப் பார்த்தபோது, கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஆசிரியர் எடுத்துவந்த சான்று எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. கோட்டைக் கதவை வெடிவைத்துத் தகர்த்த பொறியாளரான ஜான் பிளாக்கிஸ்டன் பிற்காலத்தில் தம் நினைவுகளை எழுதியிருக்கிறார். சுவரோரம் நடந்த கொலையைக் கண்டபோது தாம் கலங்கவில்லை என்றும், அது உடனடியாக வழங்கப்பட்ட முறையான நீதி என்றே அன்று தமக்குத் தோன்றியது என்றும் சொல்லிவிட்டு, இத்தனை காலம் கடந்து பார்க்கும்போது அந்தச் செயலை ஏற்பது தமக்கு அரிதாக இருக்கிறது என்றும், அன்று தமக்கு இருந்த மனநிலையைத் தம்மாலேயே விளக்க இயலவில்லை என்றும் அவர் எழுதுகிறார். ஒரே மனிதர், ஒரே செயல், இரண்டு தீர்ப்புகள்.

வழக்கறிஞர் ஒருவர் உடனே எழுந்தார். "சார், அவருக்கு மனசு மாறிப்போச்சு, அவ்வளவுதானே? இதுல பொது அறம் எங்க வந்தது?" என்றார். ஆசிரியரின் பதில் சுருக்கமாக இருந்தது. காபியிலிருந்து தேநீருக்கு மாறியவர், நேற்றுக் காபி குடித்த தம்மை நினைத்து வெட்கப்படுவதில்லை; பிளாக்கிஸ்டன் வெட்கப்படுகிறார். வெறும் விருப்பம் மாறியிருந்தால் வெட்கத்துக்கு இடமில்லை. அன்று நான் தவறிழைத்தேன் என்று ஒருவர் உணரவேண்டுமென்றால், அவருடைய அன்றைய உணர்ச்சியையும் இன்றைய உணர்ச்சியையும் தாண்டி, இரண்டையும் அளக்கக்கூடிய ஒன்று இருப்பதாக அவர் ஏற்றிருக்கவேண்டும். வழக்கறிஞர் விடவில்லை. அன்று சுடும்போது அவரைக் கலங்காமல் நிற்கவைத்ததும் அதே 'ஒன்று' அல்லவா என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்வியே. நீதி என்ற ஒன்று உண்டு என்ற நம்பிக்கை அவரை அன்று உறுதியாக்கியது, பிறகு உறுத்தவும் செய்தது. அந்த நம்பிக்கை இல்லாதவரை அது உறுதியாக்கியும் இருக்காது, உறுத்தியும் இருக்காது. வகுப்பின் தலைப்பில் உள்ள கேள்விக்கு ஆம், இல்லை என்ற விடை கிடைக்கப்போவதில்லை என்பது எனக்கு அங்கேதான் தெளிவாயிற்று. இருட்டுகிறவரை விவாதம் நீண்டது. காவலர் வந்து வாயிலைச் சாத்தவேண்டும் என்று சொன்ன பிறகே கலைந்தோம்.

நான்காம் அமர்வில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரை ஆசிரியர் அழைத்திருந்தார். வகுப்பு முழுவதற்கும் இதுவே உயிர். அவர் முதலில் ஐடா ஸ்கடரின் கதையைச் சொன்னார். வேலூரில் அந்தக் கதையை அறியாதவர் அரிது என்றாலும், அவர் அதைச் சொன்ன முறை வேறு. இராணிப்பேட்டையில் 1870-இல் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த ஐடா, படிப்பு முடித்துவிட்டு, நோயுற்றிருந்த தாயாரைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள், அவர்களுள் ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், தத்தம் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு அடுத்தடுத்து வருகிறார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர், அவர் வரத் தயார் என்கிறார். அந்நிய ஆண் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று திரும்பிப் போகிறார்கள். மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு வந்து ஐடா தொடங்கிய மருத்துவப் பணியே, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. 1947-இல்தான் ஆண்கள் அங்கே மருத்துவம் படிக்கச் சேர்க்கப்பட்டனர்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் ஓர் இறை அழைப்பின் கதையாகவே சொல்வார்கள். செவிலியர் அதை வேறு பக்கத்திலிருந்து திருப்பினார். அந்த மூன்று ஆண்களும் கொடியவர்கள் அல்லர் என்பதை முதலில் சொன்னார். நள்ளிரவில் உதவி தேடி ஓடிவந்தவர்கள் அவர்கள். மனைவி பிழைக்கவேண்டும் என்ற தவிப்பு இருந்தது. அதைவிட உறுதியாக, இது செய்யத்தகாதது என்ற நம்பிக்கையும் இருந்தது. ஐடாவுக்கும் நம்பிக்கை இருந்தது. அந்தப் பெண்களின் உயிர் எந்த வழக்கத்தைக் காட்டிலும் பெரிது என்று அவர் நம்பினார். அறம் என்பது அவரவர் ஊர்ப் பழக்கம் என்று எண்ணியிருந்தால், அவர்கள் வழக்கம் அவர்களுக்கு என்று சொல்லிவிட்டு அவர் கப்பலேறியிருப்பார். இரு தரப்பிலும் உறுதி இருந்ததென்றால் வேறுபாடு எதில் இருந்தது என்று அவர் எங்களைக் கேட்டார். பலர் பல விடைகள் சொன்னார்கள். கல்வி என்றார்கள், மதம் என்றார்கள், காலம் என்றார்கள். "அந்தப் பெண்களை யாரும் கேட்கலையே" என்றார் அவர்.

மேல்விஷாரத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் தயக்கத்தோடு எழுந்தார். "சிஸ்டர், எங்க அம்மாவே லேடி டாக்டர்தான் வேணும்னு சொல்வாங்க. அதைத் தப்புன்னு சொல்லிட முடியுமா?" என்று கேட்டார்.

"உங்க அம்மா சொன்னா அது அவங்க விருப்பம், தம்பி. லேடி டாக்டரைக் கூப்பிடுவோம். உங்க அப்பா சொன்னா, திரையை இழுத்துவிட்டுட்டு உங்க அம்மாவைத் தனியாக் கேட்போம்" என்றார் செவிலியர்.

பிறகு தம் பணிக்காலத்தில் தாம் செய்துவந்த ஒன்றை அவர் விளக்கினார். அறுவைக்கு முன் சம்மதப் படிவம் வரும். அட்டையில் செருகிய படிவத்தை நீட்டியவுடன், கட்டிலைச் சுற்றி நிற்பவர்களில் மாமனாரோ கணவரோ தாமாகவே கை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொள்வார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. குடும்பத்தில் கையெழுத்துப் போடுபவர் அவர் என்பதால் பழக்கத்தில் கை வரும். ஆகவே அவர் அட்டையை யாரிடமும் நீட்டாமல், நோயாளியின் மடிமேல் வைத்து, பேனாவை அவள் விரலுக்குள் கொடுத்துவிட்டு, "அம்மா, என்ன செய்யப்போறாங்கன்னு உனக்குச் சொன்னாங்களா?" என்று கேட்பாராம். எழுதத் தெரியாதவராக இருந்தால், மைத்தட்டை அவள் பக்கமாக வைப்பாராம். சில வேளைகளில் அந்தப் பெண் மாமனாரைப் பார்ப்பாள். அப்போதுதான் திரை. திரைக்குள் அவள் சொல்லும் விடையும் பல வேளைகளில் குடும்பத்தார் சொன்னதாகவே இருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இருந்தும் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றார். அவள் விடை எதுவாக இருந்தாலும் அவளைக் கேட்பது சரி என்பது ஊருக்கு ஊர் மாறாது என்று தாம் நம்புவதாகவும், அந்த ஒன்றில் தம்மை யாரும் அசைக்கமுடியாது என்றும் சொன்னார். தத்துவம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு கட்டில் அளவு இடத்தில் செய்துகாட்டினார். நாற்காலியின் கம்பி முதுகில் குத்துவதுகூட அந்த அமர்வில் எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் அமர்வுக்கு வருகிறேன். பாலாறும், 2019-இல் வாணியம்பாடி அருகே நடந்ததும் இதில் இடம்பெற்றன. இரண்டையும் ஒரே மாலையில் அடைத்தது தவறு. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை அடைபட்டிருந்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கிய காட்சி அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடு முழுவதும் பரவியது; சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இது பற்றி ஆசிரியர் பேசியது சில நிமிடங்களே. சாதி என்பது தங்களைப் பொது அறத்தின் காவலர்களாக எண்ணிக்கொண்டவர்கள் செய்த தீங்கு என்று சொல்லி, நம்பிக்கை தீங்கை விளைவிக்கும் என்பதற்கான சான்றாக அதைப் பலகையின் வலப்பக்கத்தில் எழுதிவிட்டு நகர்ந்தார்.

இதை நான் ஏற்கவில்லை. பாதை மறுக்கப்படும் இடங்களில், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைக்கப்படும் இடங்களில், நாம் வழக்கமாகக் கேட்கும் நியாயம் என்ன? 'இது எல்லா மனிதருக்கும் பொதுவான அறம்' என்று எவரும் சொல்வதில்லை. 'எங்க ஊர் வழக்கம் இது, வெளியூர்க்காரங்க தலையிடவேண்டாம்' என்றுதான் சொல்கிறார்கள். அறம் ஊருக்கு ஊர் மாறும் என்ற கொள்கை மேற்கத்தியப் பல்கலைக்கழகத்தில் சகிப்புத்தன்மையின் மொழியாக ஒலிக்கலாம். நம் பக்கத்து ஊர்களில் அது பெரும்பாலும் பாதையை அடைப்பவரின் மொழி. அடைபட்டவரிடமோ ஊரின் பெரும்பான்மை இல்லை, நிலம் இல்லை, வழக்கமும் அவர் பக்கம் இல்லை. ஊரே சேர்ந்து சொன்னாலும் இது தவறு என்று சொல்ல அவருக்கு ஓர் இடம் வேண்டும். புறவய அறம் என்ற கருத்து அந்த இடத்தைத் தருகிறது. இந்த எடுத்துக்காட்டு பலகையின் இடப்பக்கத்தில் இருக்கவேண்டியது. கை தூக்கிச் சொல்லவும் முயன்றேன். நேரம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் பாலாறு மாசுபட்டதைப் பற்றிய பகுதி இன்னும் சுருக்கமாக முடிந்தது. இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்யும் ஒருவர் வகுப்பில் இருந்தும், அவரைப் பேசவிடாதது பெருங்குறை. தேநீர் இடைவேளையில் அவர் என்னிடம் சொன்னது இது: "தோல் பதனிடுற இடத்துல இது சரின்னு சொல்ற ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை சார். எல்லாருக்கும் தெரியும். ஆனா அது யார் கிணத்துல போய் நிக்கப்போவுதுன்னு யாரும் பார்க்கறதில்லை." கொள்கையும் இல்லாமல், மறுப்பும் இல்லாமல் நடக்கும் தீங்கு இது. கோட்டையில் கிரடாக்கின் உத்தரவிடம் கண்ட அதே அலட்சியம் என்று அந்தச் சரடை ஆசிரியர் பிடித்திருந்தால், ஐந்து அமர்வுகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும்.

ஆசிரியர் தாம் குறிப்பிட்ட தீர்ப்பையும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வுத் தகவலை எடுத்தாண்டது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இவ்வளவும் குறிப்பேட்டில் இருக்கிறது. இல்லாதது, நம் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஒரு கூறு: தீங்கு நேர்ந்தது என்று கிணறு கெட்ட உழவர் மெய்ப்பிக்கவேண்டியதில்லை, தன் செயலால் தீங்கில்லை என்று தொழில் நடத்துபவரே மெய்ப்பிக்கவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சுமையை மாற்றிவைத்தது. திண்டிவனத்து இரவிலும் கோட்டைச் சுவரோரத்திலும் சுமை எதிர்ப்பக்கம் இருந்தது. தம் உறுதியை யாருக்கும் மெய்ப்பிக்கவேண்டிய தேவை அங்கே எவருக்கும் இல்லை. அறம் பொதுவானது என்று நம்புகிறவர், அந்த நம்பிக்கையால் வரும் துன்பத்தைச் சுமக்கப்போகும் ஆளிடம் தாமே போய் மெய்ப்பிக்கவேண்டும் என்று வைத்துப் பாருங்கள். செவிலியர் திரைக்குள் செய்ததும் 1996-இல் நீதிமன்றம் செய்ததும் ஒரே காரியம் என்று தெரியும். இதை வகுப்பில் பேசாமல், 'எதிலும் அளவோடு இருப்போம்' என்று முடித்து, குழுப்படம் எடுத்து அனுப்பிவைத்தார்கள்.

நடைமுறைத் தகவல்கள் சில. மின்தூக்கி இல்லை, படிகள் செங்குத்தானவை, முதியவர்களுக்குச் சிரமம். இரு சக்கர வாகனங்களைக் கீழேயே நிறுத்தலாம். கார் கொண்டுவருபவர்கள் தெருவில் இடம் தேடவேண்டும். குறிப்பேட்டின் எழுத்து மிகச் சிறியது, மேலும் சோதனைகளைப் பற்றிய பக்கம் இரண்டு முறை அச்சாகியிருக்கிறது. மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று அறிவித்திருந்தும் அடையாள அட்டையின் நகல் கேட்டு வாசலிலேயே நிற்கவைத்ததைத் தவிர்த்திருக்கலாம். ஆசிரியர் குறுக்குக் கேள்விகளுக்குச் சினப்படாதவர், தமிழில் தெளிவாகப் பேசுபவர், கலைச்சொல்லைச் சொன்னவுடன் அதை விளக்கிவிட்டே மேலே செல்பவர். இவை சிறிய தகுதிகள் அல்ல.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். குறைந்த ஒன்றரையில் அரை நட்சத்திரம் குறிப்பேட்டுக்காக, ஒன்று கடைசி மாலைக்காக. அடுத்த பிரிவு தைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். பாலாற்றுக்கும் பாலத்துக்கும் தனித்தனி மாலை ஒதுக்குவதாக இருந்தால் கட்டணத்தை 1,500 ரூபாயாக உயர்த்தினாலும் தகும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுத்திகரிப்பு நிலையத்து நண்பரையும் ஆற்றோரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவரையும் பேச அழைக்கவேண்டும் என்றும் அதில் சேர்த்திருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் அந்த இரண்டு மாலைகளும் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.